சிவப்பு ஸ்டிக்கருக்குப் பிறகு

கர்ப்பிணி அட்டையில் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அந்தப் பெண் 'ஹை ரிஸ்க்' என்று பொருள். கர்ப்பத்தில் பிரஷர் வந்தவருக்கு நீலம், சர்க்கரை, தைராய்டு போன்ற உடன்நோய் உள்ளவருக்கு மஞ்சள், எந்தச் சிக்கலும் இல்லாதவருக்குப் பச்சை. 2016இல் மத்திய அரசு தொடங்கிய பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தில், மாதந்தோறும் 9ஆம் தேதி நடக்கும் முகாமுக்காக வகுத்த ஏற்பாடு இது. நிறம் எதுவானாலும் நம் காலனிப் பெண்கள் ஒரே மாதிரிதான் சொல்கிறார்கள்: "எனக்கு ரிஸ்க்குனு போட்டிருக்காங்க."

அந்த ஒரு சொல்லுக்காக ஆம்புலன்ஸ் வருகிறது. நர்சம்மா வாரத்துக்கு இரண்டு முறை போன் செய்கிறார். பிரசவத் தேதிக்கு முன்பே முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஜிப்மருக்கோ போகச் சொல்கிறார்கள். பிள்ளை பிறக்கிறது. தாயும் சேயும் நலம் என்று எழுதி அனுப்புகிறார்கள். அதன்பின் அட்டை பெட்டிக்குள் போய்விடுகிறது. ரிஸ்க் எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை.

அது போகவில்லை. அதைப் பற்றித்தான் இந்த வாரம் பேச வேண்டியிருக்கிறது.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்வோம். தமிழ்நாட்டுப் பெண்கள் பிரசவத்தில் சாவது பெருமளவு குறைந்திருக்கிறது. 2018-20க்கான மாதிரிப் பதிவுக் கணக்கெடுப்பின்படி, ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியாவில் 97 தாய்மார்கள் இறந்தபோது தமிழ்நாட்டில் 54 பேர். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையில் நடந்ததாகப் பதிவாகியிருக்கிறது. மாட்டு வண்டியிலும் கயிற்றுக் கட்டிலிலும் தூக்கிப் போய் வழியிலேயே தாயைப் பறிகொடுத்த கதை இல்லாத சேரி ஒரு காலத்தில் கிடையாது. இந்த மாற்றத்தில் கிராமச் செவிலியர்களின் உழைப்பு இருக்கிறது. அதைச் சிறுமைப்படுத்தி எழுத எங்களுக்கு மனம் வராது.

ஆனால் மகப்பேறு மரணம் என்பதற்கு உலக அளவில் ஒரு வரையறை உண்டு. கர்ப்பத்திலோ, பிரசவத்திலோ, அதன்பின் 42 நாளுக்குள்ளோ இறந்தால்தான் அந்தக் கணக்கில் வரும். கர்ப்பத்தில் சர்க்கரை வந்து, பதினைந்து ஆண்டு கழித்துச் சிறுநீரகம் கெட்டு, நாற்பது வயதில் டயாலிசிஸ் படுக்கையில் கிடக்கும் பெண் எந்தக் கணக்கிலும் வரமாட்டார். அவருடைய நோய் தொடங்கிய நாள் அந்தப் பழைய அட்டையில்தான் இருக்கிறது.

ஐந்தில் மூன்று

'மெட்டபாலிக் சிண்ட்ரோம்' என்று டாக்டர்கள் சொல்வதை நம் பாடநூல் தமிழில் வளர்சிதை மாற்றக் கோளாறு என்கிறார்கள். நல்ல சொல். உண்டது உடலாக வளர்வதும், சேர்த்து வைத்தது சக்தியாகச் சிதைவதும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. இந்த வரவு செலவு தடுமாறும்போது உடல் ஐந்து இடங்களில் அடையாளம் காட்டும். இடுப்புச் சுற்றளவு நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ. அல்லது அதற்கு மேல் இருப்பது. தையல்காரர் டேப்பில் இது ஏறக்குறைய முப்பத்தொன்றரை அங்குலம். ரத்த அழுத்தம் 130/85 தொடுவது. வெறும் வயிற்றில் சர்க்கரை 100 தாண்டுவது. டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு 150க்கு மேல் ஏறுவது. எச்.டி.எல். என்ற நல்ல கொழுப்பு பெண்களுக்கு 50க்குக் கீழே இறங்குவது. இந்த ஐந்தில் மூன்று சேர்ந்துவிட்டால் அதுதான் இந்தக் கோளாறு. இவை ஒன்றையொன்று இழுத்துக்கொண்டு வருபவை. சேர்ந்துவிட்டால் சர்க்கரை நோயும் மாரடைப்பும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு கூடும்.

இதில் கொடுமை என்னவென்றால், ஐந்தில் ஒன்றுகூட வலிக்காது. இடுப்பு பெருத்தால் "பிள்ளை பெத்த உடம்பு" என்பார்கள். பிரஷர் ஏறினால் தலை கொஞ்சம் கனக்கும், அதை வெயில் என்பார்கள்.

இதற்கும் கர்ப்பத்துக்கும் என்ன தொடர்பு? கர்ப்பத்தின் பிற்பாதியில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினை எளிதில் வேலை செய்ய விடுவதில்லை. வயிற்றுப் பிள்ளைக்குச் சர்க்கரை தாராளமாகப் போய்ச் சேர இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. அதை ஈடுகட்டக் கணையம் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு இன்சுலின் சுரக்க வேண்டும். சுரக்க முடிந்தவருக்குச் சிக்கல் இல்லை. முடியாதவருக்குச் சர்க்கரை ஏறுகிறது. நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் பெரும்பாலும் இறங்கிவிடுகிறது. "புள்ள பொறந்ததும் சுகர் போயிடுச்சு" என்று சொல்வது அதனால்தான். போனது பாரம் மட்டும். பாரம் தாங்காத கணையம் அப்படியேதான் இருக்கிறது. ஏரிக்கரை எங்கே பலவீனம் என்பது வெள்ளம் வந்த ஆண்டில் தெரிந்துவிடும். தண்ணீர் வடிந்தபின் அந்த இடத்தை மறந்துவிடும் பொதுப்பணித் துறையை நாம் திட்டுகிறோம். உடம்பு விஷயத்தில் நாம் எல்லோருமே அப்படித்தான் இருக்கிறோம்.

பிரஷரும் இப்படித்தான். இருபது வாரத்துக்குப் பிறகு அழுத்தம் 140/90 தாண்டி, மூத்திரத்தில் புரதமும் கலந்து வந்தால் அது முன்சூல்வலிப்பு நிலை. நம் பக்கத்தில் "உப்பு இருக்குனு சொன்னாங்க" என்பது இதைத்தான். வலிப்பாக முற்றினால் தாயும் பிள்ளையும் ஒருசேரப் போகும் ஆபத்து. அதில் தப்பித்த பெண்ணுக்குப் பிற்காலத்தில் நிலையான ரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு ஏறக்குறைய நான்கு மடங்கு, மாரடைப்பு வகை இதய நோய்க்கு இரண்டு மடங்கு என்று பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2007இலேயே எழுதிவிட்டார்கள். கர்ப்பகாலச் சர்க்கரை வந்தவருக்குப் பின்னாளில் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட ஏழு மடங்கு என்று 2009இல் ஒரு தொகுப்பாய்வு சொன்னது. 2020இல் வெளிவந்த இன்னொன்று ஏறக்குறைய பத்து மடங்கு என்றது.

இந்தக் கண்டறிதலில் தமிழ்நாடு முன்னால் நின்ற மாநிலம். கர்ப்பிணி சாப்பிட்டிருந்தாலும் இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து, இரண்டு மணி நேரம் கழித்து ஒரே ஒரு முறை ரத்தம் பார்த்து, 140 தொட்டால் கர்ப்பகாலச் சர்க்கரை என்று முடிவுசெய்யும் எளிய முறையை வலியுறுத்தியவர் சென்னை மருத்துவர் வி.சேஷையா. அவருடைய பிறந்தநாளான மார்ச் 10ஐத்தான் இந்தியாவில் கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். பஸ் பிடித்து வரும் கிராமத்துக் கர்ப்பிணியை வெறும் வயிற்றோடு வரச் சொல்ல முடியாது என்ற நடைமுறை அறிவு அந்த முறைக்குள் இருக்கிறது. எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இந்தச் சோதனை என்று 2007இலேயே உத்தரவிட்டது தமிழ்நாடு அரசு. அவருடைய குழு தமிழ்நாட்டில் நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வில், நகரத்தில் 17.8 சதவீதம், சிறு நகரங்களில் 13.8 சதவீதம், கிராமத்தில் 9.9 சதவீதக் கர்ப்பிணிகளுக்குச் சர்க்கரை இருந்தது. கிராமத்தில் பத்தில் ஒருவர். அப்போதே.

புதன்கிழமை யாருக்கு ஊசி?

கர்ப்பத்தில் சர்க்கரை வந்த பெண்ணுக்குப் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் மறுபடி குளுக்கோஸ் சோதனை செய்ய வேண்டும், அதன்பிறகும் ஆண்டுதோறும் பார்க்க வேண்டும் என்பது விதி. மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2018 வழிகாட்டுதலிலும் ஆறாவது வாரச் சோதனை இருக்கிறது. நடக்கிறதா? நாங்கள் போகும் காலனிகளில் கூட்டம் முடிந்து பெண்களோடு உட்கார்ந்து பேசும்போது, "கர்ப்பத்துல சுகர் இருந்துச்சா?" என்று கேட்டால் சில கைகள் உயரும். "பிள்ளை பிறந்த பிறகு பார்த்தீங்களா?" என்றால் சிரிப்புதான் பதில்.

இதில் பெண்களின் அலட்சியம் என்று எதுவும் இல்லை. காரணங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துப் போகிறார்கள். திண்டிவனம் பக்கம் கர்ப்பிணியாகப் பதிவு செய்தவர் செஞ்சிக்கு அப்பால் பிள்ளை பெறுகிறார். சர்க்கரை இருந்ததை அறிந்த நர்சம்மா ஒருவர், ஆறாவது வாரம் அவர் இருக்கும் ஊரின் நர்சம்மா வேறொருவர். கணினியில் எண் ஒன்றுதான். ஆனால் தேடிப் போவது கணினி இல்லையே.

அடுத்தது, அந்தச் சோதனைக்குச் சாப்பிடாமல் வர வேண்டும். கர்ப்பத்தில் காட்டிய சலுகை இங்கே இல்லை. பால் கொடுக்கும் தாய், ஒன்றரை மாதப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, வெறும் வயிற்றோடு ஆரம்ப சுகாதார நிலையம் வந்து, ரத்தம் கொடுத்து, குளுக்கோஸ் குடித்து, இரண்டு மணி நேரம் காத்திருந்து, மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும். கூட ஒருவர் வர வேண்டும். அந்த ஒருவரின் அன்றைய கூலி போகும்.

ஆனால் அதே ஆறாவது வாரத்தில், அதே தாய், தவறாமல் ஓரிடத்துக்கு வருகிறார். பிள்ளைக்கு 45ஆம் நாள் ஊசி. புதன்கிழமை தடுப்பூசி நாள். பத்தாவது வாரம் மறுபடி வருகிறார், பதினான்காவது வாரம் மறுபடி. மூன்று முறை அரசின் கண்முன் வந்து நிற்கிறார். பிள்ளையின் எடை பார்க்கிறார்கள், தொடையில் ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் வந்தால் கொடுக்க மருந்து தருகிறார்கள். பிள்ளையைத் தூக்கி வந்த கையில் ஒரு பிரஷர் பட்டையைச் சுற்ற யாருக்கும் தோன்றுவதில்லை. செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் நாளில் அவர் நோயாளி. புதன்கிழமை அவர் பிள்ளையைத் தூக்கி வரும் ஆள்.

பிறகு அவர் மொத்தமாக மறைந்துவிடுகிறார். தமிழ்நாட்டில் மணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள் என்கிறது அதே குடும்ப நலக் கணக்கெடுப்பு. நம் தெருக்களில் பலருக்கு இரண்டாவது பிள்ளையோடு, இருபத்தைந்து இருபத்தாறு வயதுக்குள் அது முடிந்துவிடுகிறது. அதன்பின் ஆஸ்பத்திரிக்குப் போகக் காரணமே இல்லை. தொற்றா நோய்களுக்கான தேசியத் திட்டத்தின் வீடு வீடான பரிசோதனை 30 வயதிலிருந்துதான் தொடங்குகிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டுக்கே மாத்திரை கொண்டுவந்த அருமையான திட்டம். ஆனால் வீட்டுக்கு மாத்திரை தருவதில் அதன் தொடக்க இலக்கு 45 வயதுக்கு மேற்பட்டோரும் நடமாட முடியாதோரும்தான். இருபத்திரண்டு வயதில் சர்க்கரை எட்டிப் பார்த்த பெண்ணுக்கு, நோய் முற்றும் ஆண்டுகள் முழுவதும் கேட்பாரில்லாமல் கழிகின்றன. காலில் முள் குத்திய புண் ஆறவில்லை என்று வரும்போதுதான் முதல்முறையாகச் "சுகர் 380" என்கிறார்கள்.

இது எல்லாச் சாதிப் பெண்களுக்கும் பொதுவான சிக்கல்தானே, தலித் பிரச்சினைகளுக்கான பத்தியில் ஏன் எழுதுகிறீர்கள் என்று கேட்கலாம். கேட்பார்கள், எப்போதும் கேட்கிறார்கள். ஊர்த் தெருவில் கொஞ்சம் நிலம் உள்ள வீட்டுப் பெண்ணுக்கும் கர்ப்பத்தில் சர்க்கரை வருகிறது. அவரைக் கணவர் பைக்கில் விழுப்புரத்தில் தனியார் டாக்டரிடம் கூட்டிப்போகிறார். வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கி வைக்கிறார்கள். அரசு மறந்தாலும் அவர்களுக்கு வேறு கதவு உண்டு. அரசைத் தவிர வேறு கதவே இல்லாதவர்கள் பெரும்பாலும் யார் என்பதைத்தான் நாம் பேசுகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம். கள்ளக்குறிச்சி பிரியாத பழைய விழுப்புரம் மாவட்டத்தில் 29 சதவீதத்துக்கும் மேல். பிரசவமாகி மூன்று மாதத்தில் முன்பணக் கடனுக்காகச் செங்கல் சூளைக்குத் திரும்பும் பெண், கரும்பு வெட்டக் கூட்டத்தோடு கிளம்பிப் போகும் பெண், மாவட்டம் விட்டு மாவட்டம் போனபின் எந்த நர்சம்மாவின் பதிவேட்டிலும் இல்லை.

அரிசியும் உளுந்தும்

சர்க்கரை பணக்கார நோய் என்ற எண்ணம் இன்னும் நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேர் உடல் எடை கூடியவர்கள், 53.4 சதவீதம் பேர் ரத்தசோகை உள்ளவர்கள். இரண்டும் ஒரே கணக்கெடுப்பின் எண்கள். கூட்டினால் நூறுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இரண்டும் ஒரே உடம்பில் இருக்கும் பெண்களும் உண்டு. வயிறு நிறைகிறது, ரத்தம் ஊறவில்லை.

காரணம் தட்டில் இருக்கிறது. 2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். அதைத் தின்று சோம்பேறி ஆகிவிட்டார்கள் என்று டீக்கடையில் பேசுபவர்களோடு நமக்குச் சேர்க்கை இல்லை. அந்த அரிசிதான் பண்ணையார் வீட்டு வாசலில் நெல்லுக்குக் காத்து நிற்பதை ஒழித்தது. பசியை ஒழித்த அரிசிக்கு நன்றி சொல்லிக்கொண்டே, அரிசி மட்டும் போதாது என்றும் சொல்லலாம். நம் பாட்டிமார் சாப்பிட்ட கூழ் கேழ்வரகும் கம்பும். கூடவே நடவு வயலில் பிடித்த நண்டு, நத்தை, ஓடை மீன், மாட்டுக்கறி. வயலில் பூச்சிமருந்து வந்தபின் நண்டு இல்லை. அறுவடை இயந்திரமும் களைக்கொல்லியும் வந்தபின் வேலை நாள் குறைந்தது. அன்று எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்த உடம்பு எரித்த சோற்றை இன்று எரிக்க வழியில்லை. சோற்றின் அளவு மட்டும் மாறவில்லை, ஏனென்றால் குழம்பும் கறியும் குறைந்த தட்டைச் சோறுதான் நிரப்ப வேண்டும்.

கேழ்வரகும் கம்பும் புன்செயில் விளைபவை. புன்செய் யாரிடம் இருக்கிறது? செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கையின் விளைவாக 1892இல் ஒதுக்கத் தொடங்கிய பஞ்சமி நிலம் நம் கையில் நிலைத்திருந்தால் இந்தப் பத்தியின் பாதியை எழுத வேண்டியிருந்திருக்காது என்று சில நேரம் நினைப்பதுண்டு. நில உரிமைப் பேச்சை மேடையில் மட்டும் பேசுகிறோம். அது சர்க்கரைப் பேச்சும்தான்.

இது தாயோடும் நிற்பதில்லை. புனே அருகே ஆறு கிராமங்களில் 1993 முதல் தாய்மார்களையும் பிள்ளைகளையும் தொடர்ந்து கவனித்துவரும் மருத்துவர் சி.எஸ்.யாக்னிக்கின் குழு ஒன்றைக் கண்டது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, இங்கிலாந்தின் சவுத்தாம்டனில் 3.5 கிலோ. நம் குழந்தைக்குத் தசை குறைவு, உறுப்புகள் சிறிது, ஆனால் தோலுக்கடியில் கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. ஒல்லியாகத் தெரியும் கொழுப்புக் குழந்தை. கர்ப்பத்தில் பட்டினி கிடந்த தாயின் பிள்ளை பிற்காலத்தில் சர்க்கரைக்கு ஆளாகும் வாய்ப்பு கூடுதல் என்பதை, 1944-45இல் ஹிட்லரின் படை உணவை மறித்ததால் நெதர்லாந்தில் வந்த பஞ்சத்தில் கருவில் இருந்தவர்களை ஆராய்ந்தவர்களும் சொன்னார்கள். அங்கே அது ஒரு குளிர்காலம். இங்கே அரைவயிறு என்பது தலைமுறைகளின் கதை. ஒடுங்கிய தாயின் வயிற்றில் எடை குறைந்து பிறந்த பெண் குழந்தை, அரிசிச் சோற்றில் வளர்ந்து, இருபது வயதில் கர்ப்பமாகும்போது சர்க்கரை வந்தால் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

சரி, என்ன செய்யச் சொல்கிறார்கள்? ஆஸ்பத்திரியில் ஒரு தாள் தருகிறார்கள். ஓட்ஸ், பாதாம், ஆப்பிள், தினமும் அரை மணி நடைப்பயிற்சி. தாளை வாங்கி வந்த ஒரு பெண் எங்களிடம் கேட்டார்: "நாத்து நடுறது நடையில சேராதா?" நியாயமான கேள்வி. அறிவுரை மட்டும் போதாது என்பதற்கு நல்ல சான்றும் இருக்கிறது. இந்தியா, வங்கதேசம், இலங்கை ஆகிய மூன்று நாட்டு நகர மருத்துவமனைகளில், கர்ப்பகாலச் சர்க்கரை வந்த பெண்களுக்குப் பிரசவத்துக்குப் பின் வாழ்க்கைமுறை ஆலோசனை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2022இல் வெளிவந்தது. சுமார் ஓராண்டிலேயே ஏறக்குறைய நான்கில் ஒரு பெண்ணுக்குச் சர்க்கரை நிலை மோசமாகியிருந்தது. ஆலோசனை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. கைப்பிள்ளையும் சமையலும் கூலியும் இருக்கும் பெண்ணிடம் இலேசாகச் சொல்லிவிட்டுப் போவது பலிக்காது என்றே நாங்கள் இதைப் படிக்கிறோம். தடுக்கவே முடியாது என்று பொருளில்லை. சென்னையில் மருத்துவர் ஏ.ராமச்சந்திரன் குழு நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களை விடாமல் பின்தொடர்ந்து உணவையும் உழைப்பையும் சீர்செய்ததில், மூன்று ஆண்டில் நோயாக மாறுவது 28.5 சதவீதம் குறைந்தது. விலை மலிந்த மெட்ஃபார்மின் மாத்திரையும் ஏறக்குறைய அதே அளவு பலன் தந்தது. பின்தொடர்வதுதான் மருந்து.

தாளில் நம் உணவை எழுதினால் என்ன? கொழுப்பு நீக்கிய மாட்டுக்கறி இரும்புச்சத்தும் புரதமும் தருவது. அந்தச் சொல்லை எழுத எந்த ஆஸ்பத்திரித் தாளுக்கும் துணிச்சல் வந்ததை நாங்கள் பார்த்ததில்லை. முருங்கைக்கீரை, வேகவைத்த மல்லாட்டை, காராமணி, உளுந்து, முட்டை. உளுந்து நம் மாவட்டத்திலேயே விளைகிறது. பிரஷர் உள்ள பெண்ணுக்குக் கருவாடும் ஊறுகாயும் ஆகாது. பிரசவப் பத்தியத்தில் கருவாட்டை அள்ளி வைக்கும் அம்மாக்களுக்கு இதை அன்போடு சொல்ல வேண்டும். தாய்ப்பால் தொடர்ந்து கொடுப்பது தாய்க்கே சர்க்கரை வரும் வாய்ப்பைக் குறைக்கிறது என்பதைப் பலருக்கு யாரும் சொன்னதில்லை, பிள்ளைக்கு நல்லது என்று மட்டும் சொல்லி அனுப்புகிறார்கள்.

பால் கொடுக்கவும் உடம்பைப் பார்க்கவும் வீட்டில் இருக்க வேண்டும். இருக்க முடிகிறவர் யார்? தமிழ்நாடு அரசுப் பெண் ஊழியருக்கு 2021 ஜூலை முதல் சம்பளத்தோடு 12 மாத விடுப்பு. நல்லது, அவருக்கு வேண்டியதுதான். கூலிப் பெண்ணுக்கு டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி மகப்பேறு உதவி: 2018 முதல் பெட்டகங்களும் சேர்த்து 18,000 ரூபாய், அதுவும் தவணையில். 19 வயது நிரம்பாதவருக்கு இல்லை, மூன்றாவது பிரசவத்துக்கு இல்லை. சிறுவயதுத் தாயும் அடுத்தடுத்துப் பெற்ற தாயும் ஹை ரிஸ்க் என்று ஸ்டிக்கர் ஒட்டும் அதே அரசுதான் அவர்களை உதவித்தொகையிலிருந்து விலக்குகிறது.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்ற மேலவையில் மகப்பேறு உதவி மசோதா வந்தபோது பாபாசாகேப் அம்பேத்கர் எழுந்து ஆதரித்துப் பேசினார். பிரசவத்துக்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன், அதனால் அந்தச் செலவில் அரசுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவருடைய வாதம். 1929இல் அது சட்டமானது. சட்டம் ஆலைத் தொழிலாளருக்கு. வயல் தொழிலாளருக்கு இன்றுவரை அந்த ஓய்வு வரவில்லை. அவரே கடைசிக் காலத்தில் சர்க்கரை நோயால் வருந்தியவர், 65 வயதில் மறைந்தார் என்பதைப் படிக்கும் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

கேட்க வேண்டியவை பெரிய பட்டியல் இல்லை. பிள்ளையின் 45ஆம் நாள் ஊசியன்று, கர்ப்பத்தில் ரிஸ்க் என்று குறிக்கப்பட்ட தாய்க்குச் சர்க்கரையும் பிரஷரும் இடுப்பளவும் பார்த்துத் தடுப்பூசி அட்டையிலேயே எழுத வேண்டும். வெறும் வயிற்றுச் சோதனை அன்று முடியாவிட்டால் தேதி குறித்துக் கொடுத்து, அன்றைக்குச் சுண்டலும் முட்டையும் ஆஸ்பத்திரியிலேயே தரட்டும். மூன்று மாத சராசரிச் சர்க்கரை பார்க்கும் எச்.பி.ஏ.1சி சோதனையை மட்டும் நம்பிவிடக் கூடாது, ரத்தசோகை இருந்தால் அது தவறாகக் காட்டக்கூடும். அந்தப் பெண்களை 30 வயது வரை காக்க வைக்காமல் இப்போதே தொற்றா நோய்ப் பட்டியலில் சேர்த்து ஆண்டுக்கொரு முறை வீட்டில் வந்து பார்க்க வேண்டும். 2023இல் நீலகிரி, தருமபுரி மாவட்ட ரேஷன் கடைகளில் அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு கொடுக்கத் தொடங்கினார்கள். கம்பும் கேழ்வரகும் விளையும் விழுப்புரத்துக்கு அது ஏன் வரக்கூடாது?

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. கர்ப்பிணிப் பதிவேட்டில் எஸ்.சி., எஸ்.டி., இதரர் என்று ஒரு கட்டம் உண்டு. ஆக, சாதிவாரியாகக் கணக்குச் சொல்ல முடியும். உங்கள் வட்டாரத்தில் சென்ற ஆண்டு கர்ப்பகாலச் சர்க்கரை என்று பதிவானவர் எத்தனை பேர், அவர்களில் பிரசவத்துக்குப் பின் ஆறாவது வாரம் சோதனை செய்யப்பட்டவர் எத்தனை பேர், இரண்டிலும் பட்டியல் சாதி, பழங்குடிப் பெண்கள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு எழுதுங்கள். மனு மாவட்ட சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் போக வேண்டும். முப்பது நாளில் பதில் வர வேண்டும். வரும் பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு நாள் கூடுகிறது. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தாகும் வரை எழுந்து வராதீர்கள்.

அதற்கு முன்னால், இன்று மாலையே வீட்டில் பெட்டியைத் திறந்து அம்மாவின், அக்காவின், அண்ணியின் பழைய கர்ப்பிணி அட்டையை எடுத்துப் பாருங்கள். சர்க்கரைக்கான இடத்தில் 140 அல்லது அதற்கு மேல், பிரஷருக்கான இடத்தில் 140/90 அல்லது அதற்கு மேல் எழுதியிருந்தால், பிள்ளைக்கு இப்போது எத்தனை வயதானாலும் சரி, அவரை நாளைக்கே பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அட்டையோடு கூட்டிப்போங்கள். காலையில் சாப்பிடாமல் போகச் சொல்லுங்கள்.